ஏழு பிள்ளைகளில் ஆறு பேர்

இந்த வாரத்தில் மட்டும் மூன்று பேர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். மூவரும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள். நான் வேலை பார்த்த காலத்தில் அக்கம்பக்கத்துத் தோட்டப் பள்ளிகளில் இருந்தவர்கள். மூவரும் முதலில் என் சர்க்கரை அளவை விசாரித்தார்கள். பிறகு கேட்டது ஒரே கேள்விதான்: "அந்தக் கடிதத்தத் திரும்ப வாங்கிக்க முடியாதா?"

முடியாது. வாங்கப்போவதும் இல்லை. அவர்களிடம் வாயால் சொன்னதை இங்கே எழுத்திலும் வைத்துவிடுகிறேன். பிறகு யாரும் நான் தடுமாறிச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

எனக்கு எழுபத்தாறு வயது. திகாம் பத்துவில் மகன் வீட்டில் இருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். கோலா கெத்தில் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பி, எண்ணெய்ச் செம்பனை மரங்களுக்கு நடுவே மண்பாதையில் போனால் வரும் பள்ளி. பெயர் வேண்டாம். அங்கிருந்து பதவி உயர்ந்து, கடைசி நான்கு ஆண்டுகள் கல்வி அலுவலகத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். அந்தப் பதவி உயர்வு எப்படி வந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை அந்தப் பள்ளியின் சிற்றுண்டிச் சாலையில் ஒரு கூட்டம். பள்ளியில் இப்போது ஒன்பது பிள்ளைகள். வட்டாரத்தில் இருக்கும் சின்னப் பள்ளிகளில் எதை நகரத்துக்கு மாற்றலாம் என்று ஆராய ஒரு குழு அமைத்திருந்தார்கள். பள்ளி நடத்தும் அனுமதியைச் சுங்கைப் பட்டாணியில் புதிதாக எழும்பிய ஒரு தாமான் குடியிருப்புக்குக் கொண்டுபோய், அங்கே பெரிய கட்டடம் கட்டலாம் என்பது திட்டம். குழுத் தலைவர் நகரத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான். வருடா வருடம் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை வாங்கித் தருகிறவர். நான் குழுவின் ஆலோசகன். முன்வரிசையில் விசிறிக்கு நேரே எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

தலைவர் ஓர் அட்டவணையைப் படியெடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். வட்டாரத்துச் சின்னப் பள்ளிகளின் தேர்ச்சி விகிதம் ஆண்டுவாரியாக இருந்தது. கடைசியில் மாணவர் விவரம் என்று ஒரு கட்டம். இந்தப் பள்ளிக்கு நேரே அந்தக் கட்டத்தில் "இந்தியர்: 9" என்று மட்டும் போட்டிருந்தது.

"ஐயா காலத்துல இந்தப் பள்ளிக்கூடம் நூத்துக்கு நூறு எடுத்துச்சு," என்றார் தலைவர். "இருபத்து நாலு வருசத்துக்கு முந்தி. இப்ப அந்த ஆறாம் வகுப்புப் பரீட்சையே இல்ல, சரி. ஆனா ஒன்பது பிள்ளைல நாலு பேருக்கு ஒழுங்கா வாசிக்க வரலன்னு பள்ளிக்கூட ரிப்போர்ட்டுலயே இருக்கு. மேல இருந்து கீழ வந்துட்டோம். இனி இங்க வச்சிருந்து என்ன செய்யிறது?"

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவி எழுந்தார். முப்பத்தாறு வயதுப் பெண். கூலிமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடர். இரவு ஷிஃப்டு முடிந்து நேராக வந்திருந்தார். நீலச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவரை எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயது வரைக்கும் தெரியும்.

"அண்ணே, மாத்தறதா மூடறதா? அத மொதல்ல சொல்லுங்க."

"மாத்தறதும்மா. மூடறதுன்னு யாரு சொன்னா?"

"அங்க மாத்திட்டா எங்க பிள்ளைங்க எப்படி வரும்?"

"வேன் போடலாம்லா."

"பகல் ஷிஃப்டுன்னா விடிகாலைல நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸு எங்கள ஏத்திக்கிட்டுப் போயிடும். பிள்ளைங்கள வேன்ல யாரு ஏத்திவிடறது? நீங்க வந்து ஏத்திவிடறீங்களா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவரும் சிரிக்கப் பார்த்தார். அந்தப் பெண் விடவில்லை.

"உங்க பேரப்பிள்ளைங்க எந்தப் பள்ளிக்கூடம்ணே?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா... சீனப் பள்ளிக்கூடம். வீட்டுக்குப் பக்கம், அதனால."

"எங்களுக்கு இது பக்கம், அதனால."

அதற்குப் பிறகு அட்டவணையைக் கையில் எடுத்தார். கழுத்திலிருந்த கம்பெனி அட்டையைக் கழற்றி, காகிதத்தின் மேல் ஒரு வரிக்குக் கீழே வைத்து, அதை மெதுவாக நகர்த்திக்கொண்டே வாசித்தார். அப்படித்தான் வாசிப்பார் போல. கூட்டம் பொறுமையாக இருந்தது. நான் என் படியைக் கவிழ்த்து வைத்தேன்.

"இந்த நூறு," என்றார். "இது எங்க செட்டு."

தலைவர் தன் படியை எடுத்துப் பார்த்தார்.

"எங்க செட்டுல எத்தன பேருன்னு இதுல போடலயே," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பொருளை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர்கள் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அந்தச் செட்டில் ஏழு பேர்.

ஏழு பேர் கொண்ட வகுப்பை நடத்தியவர்களுக்குத்தான் தெரியும் விகிதம் என்றால் என்னவென்று. நகரத்துப் பள்ளியில் ஒரு பிள்ளை தோற்றால் யாருக்கும் தெரியாது. ஏழில் ஒன்று தோற்றால் நூறு எண்பத்தைந்தாகிவிடும். கூட்டத்துக்குப் போனால் அந்த எண்ணைத்தான் திரையில் காட்டுவார்கள். அந்தப் பிள்ளை யார், வீட்டில் என்ன பேசுகிறது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். மூன்று ஆண்டுகள் நான் அப்படி உட்கார்ந்து தலைகுனிந்திருக்கிறேன். அந்த ஆண்டு ஆறு பேர் தேறிவிடுவார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. ஏழாவது அவள்.

பேச்சில் வகுப்பிலேயே கெட்டிக்காரி. ஒரு கதையைக் கேட்டால் அடுத்த நாள் அப்படியே திருப்பிச் சொல்லுவாள். எழுதச் சொன்னால் மட்டும் எழுத்துகள் இடம் மாறும். மலாய் எழுத்துகள் இடவலமாகத் திரும்பிக்கொள்ளும். அதற்கு ஒரு பெயர் உண்டு, சொல்லிக்கொடுக்க வேறு வழியும் உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. பட்டம் வாங்கியவன், மூன்று மொழியில் கடிதம் எழுதத் தெரிந்தவன், அவளை மந்தம் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

தேர்வுக்கு வராத பிள்ளை விகிதக் கணக்கில் வராது. இது எல்லாத் தலைமையாசிரியர்களுக்கும் தெரிந்த விஷயம்.

தேர்வுக்கு முந்தின வாரம் ஒரு மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர், அம்மா களைக்கு மருந்தடிக்கிறவர். அந்த வீட்டின் அடையாள அட்டை ஃபாரம், பிறப்புப் பத்திரம், சேமநிதிக் கடிதம் எல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். என் பேச்சைத் தட்டமாட்டார்கள். அது தெரிந்துதான் போனேன்.

"பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம்," என்றேன். "எழுதித் தோத்தா பிள்ளைக்குத்தான் மனசு உடஞ்சிடும்."

"காச்சல்னா கிளினிக்குச் சீட்டு கேப்பாங்களே சார்," என்றார் அம்மா.

அதை நான் யோசித்துவைத்திருந்தேன். "அம்மைன்னா கேக்கமாட்டாங்க."

நம் ஆட்களில் யார் கேட்பார்கள்? வாசலில் வேப்பிலை தொங்கினால் தாய் வந்து இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகமாட்டார்கள். வெளியாள் உள்ளே போகமாட்டார். சீட்டு கேட்பது அபசாரம். இதைவிட நல்ல மருத்துவச் சான்றிதழ் தோட்டத்தில் கிடையாது.

அப்பா எழுந்து வாசல் வரைக்கும் போய் வந்தார். பிறகு, "ஆத்தா பேர்லயா சார்?" என்றார்.

"ஒரு வாரந்தான்."

அவள் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு அம்மை இல்லையே சார்," என்றாள்.

"இருக்குன்னு வச்சுக்கோ," என்றேன். இருபத்து நான்கு ஆண்டுகளில் நான் பேசிய எத்தனையோ பேச்சு மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

மறுநாள் காலை அந்த வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. நான் நினைத்துப் பார்க்காதது ஒன்று நடந்தது. லயம் முழுவதும் அதை நம்பியது. அந்த வரிசையில் ஒரு வீட்டிலும் அந்த வாரம் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை, கடுகு தாளிக்கவில்லை. யாரோ இளநீர் வெட்டி வாசலில் வைத்தார்கள். யாரோ கூழ் கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்னிடமே கேட்டார்: "மழ மாசத்துலயா சார் அம்மை போடும்? ஆத்தாவுக்கும் நேரங்காலம் இல்லாமப் போச்சு போல." நானும் சிரித்துவைத்தேன்.

தேர்வு மேற்பார்வைக்கு வேறு தமிழ்ப்பள்ளியிலிருந்து ஒருவர் வந்தார். விதிப்படி, நோயாளிப் பிள்ளை எழுதக்கூடிய நிலையில் இருந்தால் தனி அறையில் உட்காரவைத்து எழுத வைக்க வேண்டும். மனிதர் நேர்மையானவர். பார்த்துவிட்டு வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனார். வேப்பிலையைப் பார்த்ததும் வீட்டுக்கு இருபதடி தள்ளியே காரை நிறுத்தி, அப்படியே பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். "வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு சார், கொண்டுபோயி ஒட்டவைக்கக் கூடாது," என்று சொல்லி, நோய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வந்தவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருந்திருந்தால் நேராகப் போய்க் கதவைத் தட்டியிருப்பார். இவர் தட்டமாட்டார் என்று கணக்குப் போட்டுத்தான் நான் அதைச் செய்தேன்.

வார முடிவில், வராத நோய்க்கு அவளுக்கு மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

ஆறு பேரும் தேறினார்கள். நூற்றுக்கு நூறு. பள்ளி அலுவலகச் சுவரில் ஒரு பலகை மாட்டி, ஆண்டையும் அந்த எண்ணையும் தங்க நிறத்தில் எழுதினார்கள். அடுத்த ஆண்டே எனக்கு அலுவலகத்தில் பதவி. அங்கே உட்கார்ந்து நான் செய்த முதல் வேலை, மற்றத் தலைமையாசிரியர்களை அழைத்து, "அந்தச் சின்னப் பள்ளியே நூறு எடுக்குது, உங்களுக்கு என்ன கேடு?" என்று கேட்டதுதான். அவர்கள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. எண் ஏறியது. எனக்கு அது போதுமாக இருந்தது. இந்த வாரம் என்னை அழைத்த மூவரும் அந்த அறையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள்.

அவள் இடைநிலைப் பள்ளிப் பாடம் தொடங்கும் முன் புதுமுக வகுப்பில் ஓர் ஆண்டு இருந்தாள். பிறகு எட்டாம் வகுப்பான இரண்டாம் படிவத்தோடு நின்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்காமல் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது அதே சிற்றுண்டிச் சாலையில், அந்த நூறு திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்திருந்தது. நான் சோடித்துவைத்த உச்சியைக் காட்டித்தான், பள்ளி சரிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது பிள்ளைகள் பள்ளியை இழக்கப்போவதற்கு என் நூறுதான் சாட்சி. வாயை மூடிக்கொண்டு தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். அந்தப் பெண் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கமாட்டார். காட்டிக்கொடுப்பதாக இருந்தால் இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.

எழுந்து நின்றேன். "ஏழு பேர்," என்றேன். "ஆறு பேர்தான் எழுதினாங்க. ஏழாவது பிள்ளைய நான் எழுதவிடல." பிறகு வேப்பிலை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அந்த லயத்தில் வளர்ந்தவர்கள்.

தலைவர் பதறிப்போய், "ஐயா, உக்காருங்க. வயசாச்சு, எதையோ எதோடயோ கலந்து சொல்றீங்க," என்றார்.

"கலக்கல. இதுல மட்டும் எனக்கு ஞாபகம் நல்லா இருக்கு."

"எல்லா எடத்துலயும் நடந்ததுதானே ஐயா," என்று ஒரு குரல்.

"எல்லா எடத்துலயும் நடந்ததுன்னா எல்லா நம்பரும் பொய். அத வச்சு எந்தப் பள்ளிக்கூடத்தையும் தூக்க முடியாது."

பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, "அந்த வாரம் நாங்க பச்சக் கொழம்பு தின்னோம் சார்," என்றார். "எட்டு வீடு." திட்டியிருந்தால் பரவாயில்லை. கணக்கு ஒப்புவிப்பதுபோல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சங்கத் தலைவி அப்போதுதான் பேசினார். என்னைப் பார்த்தல்ல, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து. "ஆறு பேரும் எங்க வீட்டுப் பக்கம் வராம, எதுத்த ஓரமா நடந்து போனாங்க. பென்சில் டப்பாவ ஆட்டிக்கிட்டே. எனக்கும் எங்கப்பா புது டப்பா வாங்கி வச்சிருந்துச்சு. எங்கம்மா அதுக்கப்புறம் மூணு வருசம் தீச்சட்டி எடுத்துச்சு. எதுக்குன்னு கேட்டா சொல்லாது."

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அது இருக்கட்டும் ஐயா," என்றார். "அத நான் அப்புறம் பாத்துக்கறேன். இப்ப சொன்னத எழுதிக் குடுங்க. என் மகளும் இங்கதான் படிக்கிறா. அவளுக்கும் எழுத்து பொரளுது. என் வாசல்ல யாரும் எலை கட்டச் சொல்லி வர முடியாது, அது வேற. ஆனா அவளையும் இந்த மாதிரி ஒரு கட்டத்துல போட்டு மூடக் கூடாது."

இப்போதைய தலைமையாசிரியை, இளம்பெண், உள்ளே போய் வெள்ளைத்தாள் கொண்டுவந்தார். சிற்றுண்டிச் சாலை மேசையிலேயே எழுதினேன். செய்ததை எழுதினேன். அதோடு நிறுத்தவில்லை. அட்டவணையில் "இந்தியர்: 9" என்று போட்டிருந்ததை அடித்துவிட்டு, அந்த ஒன்பது பேர் யார் என்று தலைமையாசிரியை சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு பேர் அக்கா தம்பி; அப்பா பகல் ஷிஃப்டு, அம்மா இரவு ஷிஃப்டு, நான்கு பேரும் சேர்ந்து சாப்பிடுவது விடுமுறை நாளில்தான். ஒருவனுடைய தாய் இந்தோனேசியாக்காரர். வீட்டில் மலாய், பள்ளியில்தான் தமிழ். ஒருத்தியின் தாய் சயாம்காரர். மூன்று பேர் ஒப்பந்த வேலைக்காரர்களின் பிள்ளைகள், ஆறு மாதத்துக்கு ஒரு தோட்டம் மாறுகிறவர்கள். ஒருவன் பிறப்புப் பத்திரம் இல்லாமல் இரண்டு ஆண்டு பிந்திச் சேர்ந்தவன். ஒன்பதாவது சங்கத் தலைவியின் மகள். நாலு பேருக்கு வாசிக்க வரவில்லை என்றால், ஐந்து பேருக்கு வருகிறது. இந்த நிலைமையில் ஐந்து பேரை வாசிக்க வைத்த பள்ளி எங்கே சரிந்தது? என் காலத்திலும் இது இப்படிப்பட்ட பிள்ளைகளின் பள்ளியாகத்தான் இருந்தது. நான்தான் அவர்களில் ஒருத்தியை மறைத்துவைத்தேன். இதைத்தான் கடைசி வரியாக எழுதிக் கையெழுத்திட்டேன். சாட்சியாகக் கையெழுத்துப் போட்டது அந்தப் பெண். கம்பெனி அட்டையை வரிக்குக் கீழே வைத்து, முழுவதையும் வாசித்து முடித்த பிறகுதான் போட்டார்.

தலைவர் அட்டவணையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அப்ப இத மறுபடியும் மொதல்ல இருந்து போடணும்," என்றார். கடிதத்தின் படியை அவரே அலுவலகத்துக்கு அனுப்பினார். இந்த ஆண்டு மாற்றப்போகும் பள்ளிகளின் பட்டியலில் இந்தப் பள்ளி இல்லை என்று போன வாரம் சொன்னார். அடுத்த ஆண்டைப் பற்றி அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த ஆண்டும் போய் உட்காருவேன்.

என் ஓய்வூதியத்துக்கு ஆபத்து வரும் என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார். வரட்டும். என் பெயர் கெட்டுவிட்டதாம். கெட்டுப்போன பெயர்தானே அது, இருபத்து நான்கு ஆண்டுகளாகத் தங்க நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று கூட்டம் முடிந்ததும், அந்தப் பலகையை என்ன செய்வது என்று தலைமையாசிரியை கேட்டார். கழற்றிவிடலாம் என்றேன். சங்கத் தலைவி ஒத்துக்கொள்ளவில்லை. "கழட்டிட்டா மறுபடியும் நான் இல்லாமப் போயிடுவேன். பக்கத்துலயே எழுதுங்க ஐயா." முக்காலியின் மேல் ஏறினேன். அவர் முக்காலியைப் பிடித்துக்கொண்டார். தங்க எண்ணுக்குப் பக்கத்தில் கறுப்பு மார்க்கரால், ஏழு பிள்ளைகளில் ஆறு பேர் எழுதினார்கள் என்று எழுதினேன். வரி மேலே ஏறி ஏறிப் போனது. அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

நேற்று அழைத்த மூன்றாமவரிடம் இதைச் சொன்னேன். அவர் பள்ளிச் சுவரிலும் அப்படி ஒரு பலகை இருக்கிறது. "எங்க செட்டுல எத்தன பேருன்னு எனக்கே ஞாபகமில்லப்பா," என்றார்.

வருகைப் பதிவேட்டில் எல்லோர் பெயரும் இருக்கும், போய்ப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.